நானூறு லிட்டரும் ஓர் ஏணியும்

அத்தியாயம் 17

"வேணாம்னு சொல்றேன்ல? டிரில்லை நிறுத்துடா!"

ஏணிக்காரர் போட்ட சத்தத்தில் பட்டறை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. திட்டு தனக்கில்லை என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொண்டது. வாசல் முன் நின்ற வேனுக்குள் மண்டியிட்டிருந்த வெல்டர் தம்பி, டிரில்லின் விசையிலிருந்து விரலை எடுத்தான். மாமாவின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு எடுத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா என்ன சொல்கிறாள் என்று பார்க்கத்தான் எடுத்தான்.

அக்கா, அதாவது நம் மேனேஜரம்மா, பின்கதவில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாக நின்றிருந்தாள்.

"ஓட்டை போடாம முடியாதாடா?"

"முடியாதுக்கா."

"அப்ப போடு."

டிரில் மறுபடி அலறியது. ஏணிக்காரர் விருட்டென்று திரும்பி, சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அது போன வருஷத்துக் காலண்டர்.

இன்றைக்குத்தான் இந்தக் குடும்பத்தோடு பழக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்ணாடி ஜன்னல் துடைப்பது இந்தத் தம்பதியின் பிழைப்பு. அவர் ஏணி ஏறித் துடைப்பார். அவள் போன் எடுப்பாள், தேதி கொடுப்பாள், கீழே நின்று ஏணியைப் பிடிப்பாள். 'மேனேஜரம்மா' என்று அவர் கேலிக்கு வைத்த பெயர் ஊருக்கே பழகிவிட்டது. போன மாதம் ஒரு துணிக்கடை மாடியில், அவர் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடி நின்றதை அவள் கீழேயிருந்து பார்த்துவிட்டாள். தலைசுற்றல். இறங்கி வந்தவர், "கண்ல தூசி" என்றார். அதன் பிறகு அவர் கண்ணில் தூசி விழுவது வாடிக்கையாகிவிட்டது. தோள் வலிக்கிறது என்று சொல்லி வேன் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டார்.

அவளும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார். இல்லை என்று காட்டுவதற்காக மறுநாளே மூன்று மாடி ஏறுவார். அவரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா?

அதனால்தான் தண்ணீர்த் தொட்டி வாங்கினாள். வேனுக்குள்ளேயே தொட்டி, பம்ப், தண்ணீரிலிருக்கும் உப்பை எடுத்து, காய்ந்தாலும் திட்டு விழாமல் செய்யும் வடிகட்டி சிலிண்டர், சுருட்டி வைத்த குழாய். இழுத்தால் நீளும் கம்பு ஒன்று, அதன் நுனியில் பிரஷ். தரையில் நின்றபடி மூன்றாம் மாடியைக் கழுவிவிடலாம். "இனிமே பெரிய பெரிய கட்டடமா பிடிக்கலாங்க" என்று அவரிடம் ஒரு காரணம் சொல்லி வைத்தாள். நிஜமான காரணம் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியக்கூடாது. மனுஷன் இனி ஏணியில் கால் வைக்கக்கூடாது, அவர் மானமும் போகக்கூடாது. இரண்டில் எது தவறினாலும் அவள் தொலைந்தாள்.

தொட்டி வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் கடுகடுவென்றுதான் இருக்கிறார். இன்று அந்தத் தொட்டியை வேனில் பொருத்துகிற நாள். மத்தியானமே முதல் வேலையும் காத்திருக்கிறது. காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி, மூன்று மாடி, முகப்பு பூராவும் கண்ணாடி.

"பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டினா போதும்" என்றார் ஏணிக்காரர், காலண்டரைப் பார்த்தபடியே. "பக்கவாட்டுல கொக்கி இருக்கு. பக்கெட்டை எல்லாம் அப்படித்தானே கட்டறோம்? வண்டியைச் சல்லடை ஆக்கணுமா?"

தம்பி டிரில்லைக் கீழே வைத்தான். உடம்புக்கேற்ற பொறுமை அவனுக்கு. உடம்பும் கொஞ்சம் தாராளமான உடம்புதான்.

"மாமா, நானூறு லிட்டர் தண்ணின்னா நானூறு கிலோ. அக்கா வேகமா போய் பிரேக்கை அடிச்சா வண்டி நிக்கும். தண்ணி நிக்குமா? அது பாட்டுக்கு முன்னாடி போகும். கொக்கி, பெல்ட் எல்லாத்தையும் பிச்சுக்கிட்டுப் போகும். முன்னாடி யாரு உட்கார்ந்திருக்கறது?"

மூன்று பேரும் டிரைவர் சீட்டைப் பார்த்தார்கள். காலியாகத்தான் இருந்தது. அதன் முதுகில் அவள் தலைக்கு வைத்துக்கொள்ளும் பூப்போட்ட குட்டித் தலையணை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏணிக்காரர் அதற்குப் பிறகு பெல்ட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு ஓட்டை விழும்போதும், மயக்க ஊசி போடாமல் பல்லைப் பிடுங்குகிற மாதிரி அவர் முகம் கோணியது. மேனேஜரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேனில் எத்தனை கீறல் விழுந்திருக்கிறது! போன வருஷம் ஒரு லாரிக்காரன் கதவையே நசுக்கிவிட்டுப் போனபோதுகூட, "விடு, ஓடுதில்ல" என்றவர் இவர். இன்றைக்கு யாருடைய கண்ணிலும் படாத தரைத்தகட்டில் ஓட்டை விழுந்தால் இந்த மனுஷனுக்கு எங்கே வலிக்கிறது?

தம்பி வேலையில் கெட்டி. ஓட்டை போடுவதற்கு முன்னால் வேனுக்கு அடியில் டார்ச்சோடு நுழைந்து, டீசல் டேங்க் எங்கே, வயர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்துக்கொண்டுதான் வெளியே வந்தான். தொட்டி உட்காரும் இரும்புச் சட்டத்தின் கால்களை போல்ட் போட்டு அடியில் தடித்த தகடு கொடுத்து முறுக்கினான். தொட்டியைச் சீட்டுக்குப் பின்னாலேயே, தடுப்புத் தகட்டோடு ஒட்டினாற்போல் உட்கார வைத்தான். பின்கதவுப் பக்கம் வைத்தால் எடுக்க வைக்க வசதி என்று ஏணிக்காரர் முனகினார். "பின்னாடி பாரம் ஏறினா முன் சக்கரம் லேசாயிடும் மாமா, ஸ்டியரிங் கையில நிக்காது" என்று அதற்கும் பதில் வைத்திருந்தான். கடைசியில், சட்டத்தின் கால்களைச் சுற்றித் தரையில் வெள்ளைக் கோடு போட்டான்.

"இது எதுக்குடா?"

"அப்புறம் சொல்றேன்."

பட்டறைக் குழாயிலிருந்து தண்ணீர் விட்டார்கள். தொட்டி ரொம்பியது. வேன் மெல்ல மெல்லக் கீழே அமர்ந்தது. எல்லாம் முடிந்தது என்று மேனேஜரம்மா பெருமூச்சு விடப்போன நேரத்தில், தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு. அப்புறம் இன்னொரு சொட்டு.

"வெளிய போற குழாய் மூட்டுல கசியுது" என்றான் தம்பி. சொல்லி வைத்தாற்போல வானமும் தூற ஆரம்பித்தது. "வண்டியை உள்ள எடுத்துடுக்கா. மழையில வேலை செய்ய முடியாது."

அவள் வேனை ரிவர்ஸில் பட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். மூட்டைக் கழற்ற வேண்டுமானால் தண்ணீரைத் திறந்து விட்டாக வேண்டும். விட்டார்கள். பட்டறைத் தரையில் வெள்ளம் ஓடியது. நாய் எழுந்து பெஞ்சு மேல் ஏறிக்கொண்டது. தம்பி மூட்டைப் பிரித்து, டேப் சுற்றி, மறுபடி முறுக்கினான். தூறலும் நின்றது.

"இப்ப வெளிய எடு."

அவள் முதல் கியர் போட்டு வேனை நகர்த்தினாள்.

டணார்!

தலைக்கு மேலே இடி விழுந்த சத்தம். பிரேக்கை மிதித்து, தலையை நீட்டிப் பார்த்தாள். கூரை மேல் கட்டியிருந்த ஏணியின் நுனி, வாசலின் ஷட்டர் பெட்டியில் முட்டிக்கொண்டு நின்றது.

"உள்ள வரும்போது முட்டலையே!" என்றாள்.

தம்பி ஏணியைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "வரும்போது தொட்டி ரொம்பி இருந்துச்சுக்கா. வண்டி இறங்கியிருந்தது. தண்ணியை விட்டதும் ஏறிடுச்சு. ரெண்டு விரல்கடை இடிக்குது." மாமாவைப் பார்த்தான். "அவ்வளவுதானே. மாமா, ஏறி ஏணியை அவுத்துடுங்க."

பட்டறையில் திடீரென்று ஒரு சத்தமும் இல்லாமல் போனது. அதாவது, தம்பிக்கு எல்லாம் எப்போதும் போல்தான் இருந்தது. அவளுக்குத்தான் காது அடைத்துவிட்டது.

"அது... பூட்டியிருக்கு" என்றார் ஏணிக்காரர்.

"சாவி உங்க இடுப்புல தொங்குதே மாமா."

அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சாவி தொங்கத்தான் செய்தது. ஏணிக்கு முடிச்சுப் போடுவதும் பூட்டுவதும் திறப்பதும் எத்தனையோ வருஷமாக அவர் ஒருவர்தான். வேறு யாராவது தொட்டால் வள்ளென்று விழுவார். இன்றைக்குப் போய் வேறு யாரையாவது ஏறச் சொன்னால்? ஏன் என்று கேட்பார்களே!

அவர் ஓரத்தில் கிடந்த பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார். நிமிர்த்தி வைத்து ஒரு காலை அதன் மேல் ஊன்றினார். கூரைக் கம்பியைப் பிடித்து இன்னொரு காலையும் எடுத்தார். தரையிலிருந்து என்ன உயரம் இருக்கும்? முட்டி உயரம். அவ்வளவுதான். தலையை அண்ணாந்து பூட்டைப் பார்த்தவரின் விரல்கள் கம்பியை இறுக்கின. நகமெல்லாம் வெளுத்தது. கண் மூடியது.

மேனேஜரம்மா ஓரடி எடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓடிப்போய்ப் பிடித்தால் தம்பிக்குத் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவார்.

"என்ன மாமா, தூங்கிட்டீங்களா?" என்று சிரித்தபடி தம்பி நெருங்கினான். "இறங்குங்க, நான் ஏர்றேன்."

"நீ ஏறினா ஏணியை அவுக்கவே வேணாம்டா!" பட்டென்று குறுக்கே விழுந்தாள் அவள். "உன் வெயிட்டுக்கு வண்டியே இறங்கிடும்!"

சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து நின்றாள்.

"டேய், வெயிட்டு! தொட்டியை ரொப்புடா. எப்படியும் ஆஸ்பத்திரிக்குத் தண்ணி வேணும்ல? இங்கயே ரொப்பினா வண்டி தானா இறங்கும். வந்த மாதிரியே வெளிய போயிடலாம்." பேசிக்கொண்டே பீப்பாய் பக்கம் போய், யதேச்சையாகப் போவது போல், தோளை அவருக்குக் கொடுத்தாள். "நீங்க இறங்குங்க. நல்ல சட்டையை அழுக்காக்கிக்கிட்டு."

அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அந்தச் சட்டை அப்படியொன்றும் நல்ல சட்டை இல்லை. காலரே கிழிந்திருந்தது. அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் குழாயைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

தொட்டி மறுபடி ரொம்பியது. புது மூட்டில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வேன் இறங்கியது. இன்னும் ஒரு நூல் போதாதோ என்று சந்தேகம் வந்ததும், தம்பி தானே வேனின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இப்ப எடுக்கா, என் உடம்பும் ஒரு நாளைக்கு உதவட்டும்" என்றான். ஏணி ஷட்டர் பெட்டியை உரசியும் உரசாமலும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பெஞ்சு மேலிருந்த நாய் குரைத்து வழியனுப்பி வைத்தது.

பட்டறைக்குப் பின்னால் கிடங்குகள் இருக்கும் தெரு. இந்த நேரத்தில் ஈ காக்கை இருக்காது. தம்பி வேனிலிருந்து இறங்கி, தெருவின் பாதியில் போய்க் கையைத் தூக்கி நின்றான். "அக்கா! என்னைத் தாண்டினதும் பிரேக்கை அடி. பாவம் பார்க்காத. நல்லா அடி."

அவள் சீட்டில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால், ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம், நானூறு கிலோ. மறுபக்கக் கதவு திறந்தது. ஏணிக்காரர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

"நீங்க எதுக்கு? கீழ நின்னு பாருங்களேன்."

"நீ ஓட்டு."

"ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா..."

"ஆனா ரெண்டு பேருக்கும் ஆகட்டும். ஓட்டுன்னா ஓட்டு."

அவள் ஓட்டினாள். வேன் வேகம் எடுத்தது. தம்பியின் தூக்கிய கை ஜன்னலைத் தாண்டியதும், பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். டயர்கள் கிறீச்சிட்டன. இரண்டு பேரும் பெல்ட்டில் முன்னால் சாய்ந்தார்கள். பின்னால் தண்ணீர் 'தொம்' என்று தொட்டியின் உள்தடுப்பில் மோதி, முணுமுணுத்து, அடங்கியது.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

தம்பி ஓடி வந்து பக்கக்கதவைத் திறந்தான். தரையில் போட்ட வெள்ளைக் கோட்டில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். நிமிர்ந்தபோது காதுவரை சிரிப்பு. "அசையலைக்கா! கோடு கோடாவே இருக்கு!"

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் அவர் சிரிக்கவில்லை. அவர் கை மட்டும் இன்னும் அவள் சீட்டின் முதுகைப் பிடித்திருந்தது. பிரேக் அடித்த கணத்தில் தொட்டியைத் தடுக்கத்தான் அந்தக் கை பின்னால் போயிருக்கிறது. நானூறு கிலோவை ஒற்றைக் கையால்! பெரிய பயில்வான்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பியை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வழியில் சிக்னலில் வண்டி நின்றது. தண்ணீர் பின்னால் மெதுவாக ஒரு முறை புரண்டு படுத்தது.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றார்.

"என்ன தெரியும்?"

"நடிக்காத. பட்டறையில அப்படிக் குறுக்க விழுந்தியே."

அவள் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துணிக்கடை மாடி."

"அப்பவேவா!"

"தூசி விழுந்தா கண்ணு சிவக்குங்க. உங்க கண்ணு சிவக்கலை. முகம்தான் வெளுத்துப் போயிருந்துச்சு."

அவர் பெல்ட்டை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்: "இந்த வண்டியை விலைக்குக் கேட்டு ஒருத்தர் வந்தாரு. நான் சரின்னுட்டேன். நாளைக்குப் பார்க்க வர்றதா பேச்சு. பாடியில ஒரு ஓட்டைகூட இருக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு."

விளக்கு பச்சைக்கு மாறியது. அவள் நகரவில்லை. பின்னாலிருந்த கார்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. அவள் வேனை ஓரம் கட்டினாள்.

"வண்டியை விக்கப் பார்த்தீங்களா? என்கிட்ட சொல்லாம?"

"ஏணி ஏற முடியாதவனுக்கு வண்டி எதுக்குடி? சொன்னா நீ ஏன்னு கேப்ப. அதுக்குள்ள நீ போய் தொட்டி வாங்கிட்டு வந்து நிக்கற. பெரிய பெரிய கட்டடம் பிடிக்கலாம்ங்கற. எனக்குக் குலை நடுங்கிடுச்சு. கம்பு எட்டாத இடத்துக்கு யாரு ஏறுவா? நான்தானே ஏறணும்?"

"அட கடவுளே! கம்பு எட்டாத இடத்தை நாம ஒத்துக்கவே போறதில்லைங்க. உங்களை ஏற விடக்கூடாதுன்னுதான் நான் தொட்டியே வாங்கினேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்தான் முதலில் சிரித்தார். நாள்கணக்கில் அடைத்துக் கிடந்த சிரிப்பு. தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, பெல்ட் கழுத்தை அறுக்கிற வரைக்கும் சிரித்தார். மேனேஜரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஐயோ, தோள் வலி!"

"அந்தத் தோள்ல வலியே இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" என்று இன்னொன்று வைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பம்ப் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் வடிகட்டியில் புகுந்து, குழாய் வழியே கம்பில் ஏறி, பிரஷின் நுனியில் விசிறியடித்தது. ஏணிக்காரர் கம்பை நீட்டினார். முதல் மாடி, இரண்டாம் மாடி. மூன்றாவதுக்காகத் தலையை அண்ணாந்தபோது லேசாகத் தள்ளாடினார். அவள் பட்டென்று முழங்கையைப் பிடித்தாள்.

"மேல பார்க்காதீங்க. நேரா பாருங்க. மேல பார்க்கிற வேலை என்னுது."

அவர் எதிரே இருந்த செடியைப் பார்த்தபடி கம்பைத் தள்ளினார். அவள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "இடது பக்கம். இன்னும் கொஞ்சம். மூலையில ஒரு எச்சம் இருக்கு, நல்லா தேய்ங்க. ம், போயிடுச்சு. இப்ப கீழ இறக்குங்க." கண்ணாடி மேல் பிரஷ் எப்படி ஓடுகிறது என்று கம்பு வழியே கைக்குத் தெரிந்தது அவருக்கு. இத்தனை வருஷம் தேய்த்த கை அல்லவா? மூன்றாவது ஜன்னலுக்குப் போகும்போது அவள் சொல்வதற்கு முன்பே கை தானாகத் திரும்பியது.

"துடைக்காம விட்டா திட்டு திட்டா நிக்குமே" என்று அவருக்கு மட்டும் சந்தேகம். பையிலிருந்து துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். வெயில் பட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. கீழ்மாடிக் கண்ணாடியில் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தவர், துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வந்து யாரும் கேட்டதில்லை.

குழாயைச் சுருட்டி வேனில் வைத்ததும், கிளம்பலாம் என்று அவர் கதவில் கை வைத்தார். மேனேஜரம்மா வைக்க விடவில்லை.

"உள்ள வாங்க."

"எதுக்கு? வெளிப்பக்கம் மட்டும்தானே பேசியிருக்கு?"

"ஜன்னல் முடிஞ்சுது. அடுத்தது உங்க காது. தலைசுத்தறதுக்குக் காதுதான் காரணமா இருக்கும்னு இங்க போன்ல சொன்னாங்க. டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருக்கேன்."

அவர் மூக்கு விடைத்தது. "யாரைக் கேட்டு வாங்கின?"

"மேனேஜர் யாரைக் கேக்கணும்?"

அவர் தன் போனையும் இடுப்புச் சாவியையும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் அறைக்குள் போனார். பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியார் கூப்பிட்டு அனுப்பிய பையன் மாதிரிதான் போனார். ஆனால் போனார்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்த மாத்திரத்தில் கையிலிருந்த போன் அடித்தது. 'வேன் பார்ட்டி' என்று வந்தது.

"ஹலோ, சார் இல்லையா? நாளைக்கு வண்டி பார்க்க வர்றதா சொல்லியிருந்தேன்..."

"வண்டி விக்கலைங்க" என்றாள் அவள். ஜன்னல் வழியே வாசலில் நின்ற வேன் தெரிந்தது. அதன் கூரை மேல் நீளமாக, பூட்டுப் போட்டு, ஏழெட்டு முடிச்சோடு படுத்திருந்தது அது. கையிலிருந்த சாவியைத் திருப்பிப் பார்த்தாள். "நல்ல ஏணி ஒண்ணு இருக்கு. வேணுமா?"

"எத்தனை அடிங்க?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடிக்கணக்கைச் சொன்னாள். "சரி, நாளைக்குக் காலையில எப்படியும் வர்றேன். வண்டி இல்லாட்டியும் உங்க வீட்டுக்காரர்கிட்ட வேற ஒரு விஷயம் பேசணும். போன்ல வேணாம், நேர்லயே பேசிக்கறேன்" என்றார் வேன் பார்ட்டி. இணைப்பு அறுந்தது.

வேறு என்ன விஷயம்? அவள் போனையே பார்த்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் அறைக்கதவு திறந்தது. டாக்டரம்மா தலையை நீட்டினார்.

"கூட வந்தவங்க யாரு?"

அவள் எழுந்து நின்றாள். "நான்தாங்க. என்னங்க, ஏதாவது..."

"பயப்படாதீங்க, இன்னும் ஒண்ணும் பார்க்கவே ஆரம்பிக்கலை. ஏணி மேல நிக்கும்போது எப்படிச் சுத்துது, எவ்வளவு நேரம் சுத்துதுன்னு கேட்டேன். 'எனக்கு என்ன தெரியும், நான் கண்ணை மூடிக்குவேன். பார்த்தவ வெளிய உட்கார்ந்திருக்கா, அவளைக் கூப்பிடுங்க'ங்கறாரு."

மேனேஜரம்மா புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் தன் பக்கத்து நாற்காலி மேலிருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டார்.

"உட்காரு" என்றார். "ஒண்ணு விடாம சொல்லு."